சொந்தக்காரர் வெளியே

அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. ஓவியங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று வாயால் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் அவர்களையே விளையாட்டாகத் தேர்வுக் குழுவாக உட்கார வைத்துவிடுவேன். மேசையில் மூன்று ஓவியங்கள். சேமிப்பறையில் ஒன்றுக்குத்தான் இடம். எடுத்தால் காலத்துக்கும் காப்பாற்ற வேண்டும். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். வரைந்தவருக்குச் சொந்தக்காரர் யாராவது குழுவில் இருந்தால், முடிவெடுக்கும்போது அவர் வெளியே போய்விட வேண்டும்.

மூன்றில் ஒன்று, எங்கள் சமையலறை ஜன்னல், என் வீட்டுக்காரர் வரைந்தது. அதைப் பற்றி நான் மூச்சு விடுவதில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கழித்துக்கட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர், "இன்னைக்காவது எடுத்தாங்களா?" என்பார். இல்லையென்றால் சிரித்துக்கொண்டே தூரிகை கழுவப் போய்விடுவார்.

இப்போது தூரிகையும் இல்லை. பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கொஞ்சமாவது தெரிகிறபோதே அவருக்கு ஒரு 'சரி' வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

அன்று வந்தது சரியான வாயாடிக் கூட்டம். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி தலைவியாக உட்கார்ந்துகொண்டாள்.

"இந்த ஜன்னல் படம் வேணாம்" என்றான் ஒரு கண்ணாடிக்காரன். "யாராவது சமையலறைல ஊதா கலர்ல திரை போடுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், போடக்கூடாதா? கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது அது!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"வரைஞ்சவர் உங்களுக்குச் சொந்தமா மிஸ்?" என்றாள் தலைவி.

"வீட்டுக்காரர்."

"அப்போ நீங்க வெளியே போகணும். நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இரக்கப்பட்டு எடுத்துவிடுவார்கள். விழுங்கிக்கொண்டு எழுந்தேன்.

"என்னம்மா, உங்களையே வெளிய நிக்க வச்சிட்டாங்களா?" என்று நடைபாதையில் காவலாளி பல்லைக் காட்டினார். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

கதவு திறந்தது. தலைவியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஜன்னல் படம் இங்க ஏற்கெனவே நிறைய இருக்கு மிஸ். அதனால எடுக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதுல முதுகைக் காட்டிட்டு நிக்கிறது நீங்கதானே? இவ்வளவு பாசமா வரைஞ்சிருக்கார். இதைக் கொண்டுபோய் இருட்டறைல அடுக்கலாமா? வீட்ல மாட்டுங்க மிஸ்."

அன்று சாயங்காலம் அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். "எடுக்கல. வீட்ல இருக்கவேண்டிய படமாம்."

"யாரு சொன்னா?"

"தேர்வுக் குழு."

வெளிச்சம் நன்றாக விழும் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் நின்றார். தள்ளி நில்லு, தொடாதே என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன்!

"ஜன்னல் தெரியுது. நீ எங்க நிக்கிறன்னுதான் தெரியல" என்றார்.

அவர் விரலைப் பிடித்து, படத்தில் சாயம் தடிப்பாக ஏறியிருந்த என் கொண்டையின்மேல் வைத்தேன்.

"இங்கதாங்க."