அறுபத்து மூவர் பேனர்

தட்டாஞ்சாவடியில் அந்த பேனர் ஏறிய அன்று, லாஸ்பேட்டையில் இறங்க வந்த விமானம் வானத்தில் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. விமானி மேலே இருந்தபடியே மூஞ்சிகளை எண்ணினாராம். இரண்டு தடவையும் அறுபத்து மூன்றுதான் வந்ததாம். இதை நம்பாதவர்கள் அன்றைக்கு அண்ணாந்து பார்க்காதவர்கள்.

பாண்டிச்சேரியில் காதுகுத்துக்கு பேனர் உண்டு, கருமாதிக்கு பேனர் உண்டு. கம்பெனி பிழைத்ததற்கு பேனர் வைத்தவன் காத்தவராயன் ஒருவன்தான். பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் அவன் ஃபோர்மேன். ஊரெல்லாம் வியாபாரம் படுத்து, ஆர்டர் நின்று, கேட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு வந்தபோது, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய், "கம்பெனியைக் காப்பாத்து" என்று வெயிலில் உட்கார்ந்தவனும் அவன்தான். அரசாங்கம் இரங்கியது. கரண்டு பாக்கியைத் தள்ளுபடி செய்து, வட்டியில்லாத கடனும் கொடுத்தது.

அந்தச் சந்தோஷத்தில் காத்தவராயன் கூட வேலை செய்கிறவர்கள் வீடு வீடாகப் போய் போட்டோ வாங்கினான். நிர்மலாவிடம் தனிப்படம் இல்லை. கல்யாண போட்டோவிலிருந்து புருஷனை வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டான். கம்பெனி கேட்டுக்கு மேலேயே பேனர் ஏறியது. உச்சியில் கைகூப்பிய முதலாளி. கீழே தண்ணீர் டேங்க் அளவுக்குக் காத்தவராயன் தலை. சுற்றிலும் மற்ற அறுபத்தொரு பேர். நடுவில் சிவப்பில் 'நன்றி'. டவுன் பஸ் கண்டக்டர்கள்கூட ஸ்டாப்பிங்கின் பேரை மாற்றிவிட்டார்கள். "நன்றிலாம் எறங்கு!"

மூன்றாவது வாரம் கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனியைச் சீரமைக்கிறார்களாம். நாற்பத்தொரு பேர் நாளையிலிருந்து வரவேண்டாமாம். காத்தவராயன் பெயர் அதில் இல்லை.

மறுநாள் டீக்கடையில் சொல்தா ராஜாங்கம் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பாரீசிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரே அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடும்.

"வாப்பா காத்தவராயா. நாப்பது வருசமா பிரான்சு என்னைச் சும்மா குந்த வச்சு சோறு போடுது. ஒரு நாளாவது பேனர் வச்சனா நானு?"

"விடுங்க முசியே."

"கவர்மெண்டு உன் காசை எடுத்து உன் மொதலாளிக்குக் குடுத்துச்சு. அவன் உன் ஆளுங்கள வெளிய தள்ளுனான். நீ ரெண்டு பேருக்கும் நன்றி சொல்ற. உன்ன மாதிரி ஒரு ஆளு கெடைச்சிருந்தா வெள்ளக்காரன் ஊரை வுட்டே போயிருக்க மாட்டான்டா."

கடையே சிரித்தது. பாய்லர்கூடச் சிரித்தது, ஆவி அப்படித்தான் குலுங்கி வந்தது. காத்தவராயன் டீயைக் குடிக்காமல் வைத்தான்.

கேலி அவனைச் சுடவில்லை. சுட்டது வேறு. தாள் ஒட்டுவதற்கு நாலு நாள் முன்பு, மேனேஜர் பேனரைச் செல்போனில் படம் பிடித்து வந்து, "சூப்பர்யா! யாரு யாருன்னு சொல்லு, பார்ப்போம்" என்றார். எல்லோருக்கும் பரிசு வரப்போகிறது என்று நினைத்துக் காத்தவராயன் ஒவ்வொரு மூஞ்சியாகத் தொட்டுக் காட்டினான். சும்மா பெயர் மட்டும் சொன்னால் சுவாரசியமாக இருக்காதே என்று கூடவே கொஞ்சம் கதையும் சொன்னான். "இது புருஷோத்தமன் சார், முதுகு வலின்னு அப்பப்ப படுத்துப்பான். இது நிர்மலா, புள்ளைய ஸ்கூல்ல வுட்டுட்டு ஒம்பதரைக்குத்தான் வரும்." மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் கதை சொன்ன ஆட்கள் நாற்பத்தொரு பேர். தாளில் இருந்ததும் அந்த நாற்பத்தொரு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பெயிண்டர் ஒருவரிடம் ஏணி வாங்கிக்கொண்டு பேனரைக் கழற்றப் போனான். கத்தரிக்கோலோடு பாதி ஏறியபோது கீழே நிர்மலா ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"ண்ணே! அதைக் கழட்டறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய வெட்டிக் குடுத்துடுங்க. போறவன் வர்றவன்லாம் பாத்து சிரிக்கறான்."

வெட்டிக் கொடுத்தான். அதற்குள் புருஷோத்தமன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு பேரும் ரேஷன் கடை மாதிரி வரிசை. காத்தவராயன் ஏணியை நகர்த்தி நகர்த்தி வெட்டினான். ஒவ்வொருவரும் தன் மூஞ்சியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

"எங்களை எப்படிண்ணே பொறுக்குனாங்க?" என்று கேட்டாள் நிர்மலா. "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தும்விட்டது. கீழே அண்ணாந்திருந்த மூஞ்சிகளைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அவன் வாய் நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றான். செல்போன், பரிசு, முதுகு, ஒன்பதரை, எல்லாவற்றையும் சொன்னான். வழக்கமாக அவன் சொல்லும் கதையில் ஒன்று பத்தாகும். அன்று ஒன்று ஒன்றாகவே இருந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு இறங்க ஒரு படியாவது கிடைத்திருக்கும். புருஷோத்தமன் மட்டும், "என் முதுகாண்ணே உனக்குச் சிரிப்பா இருந்திச்சு?" என்றான்.

காத்தவராயன் மீதியைக் கழற்றக் கம்பிக் கட்டில் கை வைத்தான்.

"வேணாம்ணே" என்றாள் நிர்மலா. "இனிமே அது எங்க பேனரு இல்ல. உங்களுதும் மொதலாளியுதும். இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகும் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கழற்றத்தான் வந்திருந்தான். கழற்றக் கை வரவில்லை.

அந்த வாரமே கடலில் புயல் சின்னம். ஊரிலிருந்த பேனரெல்லாம் கிழிந்தன. ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை மூலக்குளத்திலும் பொண்ணு லாஸ்பேட்டையிலும் போய் விழுந்தார்கள். காத்தவராயன் விடிந்ததும் விடியாததுமாக, அதுவும் கிழிந்திருக்கும் என்ற ஆசையோடு தட்டாஞ்சாவடிக்கு ஓடினான்.

காற்று நாற்பத்தொரு ஓட்டைகளிலும் புகுந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேனர் ஒரு நூல்கூடப் பிரியாமல் நின்றது. மேலே முதலாளி கைகூப்பியிருந்தார். கீழே அவனுடைய தலை, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவன் அதன் அடியில் நுழைந்துதான் உள்ளே போகவேண்டும்.