இடது பக்கம் வர மறுத்த எக்ஸ்

"வலது பக்கத்து எக்ஸை இடது பக்கம் கொண்டாங்கன்னு எத்தன தடவ—"

"கொண்டார மாட்டேன். அது பாட்டுக்கு அங்கேயே கெடக்கட்டும். இங்க இருக்குறத அங்க அனுப்புறேன், என்ன கெட்டுப்போச்சு?"

"எக்ஸு இடது பக்கந்தான் இருக்கணும்!"

"ஆமா, இந்த வீட்டுச் சட்டம். மாப்புள்ளையும் இந்தப் பக்கம் வரணும், எக்ஸும் இந்தப் பக்கம் வரணும்!"

அவர்கள் தெருவில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். நஸ்ருதீனும் அப்படி வந்தவன்தான். இப்போது மனைவி நஜீபா டியூஷன் பிள்ளைகளுக்காகப் போட்டிருந்த குட்டை பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் கணக்கு:

3x + 11 = 5x − 1

அதன் கீழே அவன் போட்ட வழி:

11 = 2x − 1
12 = 2x
6 = x

அவ்வளவையும் நஜீபா சிவப்பு மார்க்கரால் குறுக்கே அடித்திருந்தாள்.

"அஞ்சு எக்ஸ் இந்தப் பக்கம் வந்தா மைனஸ் அஞ்சு எக்ஸ். சொல்லுங்க, மூணுலேருந்து அஞ்சு போனா?"

"மைனஸ் ரெண்டு. அந்த மைனஸுலதான் போன தடவையும் ஃபெயிலானேன், அதுக்கு முந்தின தடவையும் ஃபெயிலானேன். மைனஸைப் பாத்தாலே கை தடுமாறுது. அதனாலதான் பெரிய எக்ஸு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் சின்னதை அனுப்புறேன். மைனஸே வராதுல்ல?"

"போடத் தெரியலைன்னா புதுசா வழி கண்டுபிடிக்காதீங்க. நான் பி.எஸ்ஸி. மேத்ஸ்."

"தெரியும். கல்யாணப் பத்திரிகையிலயே போட்டிருந்திச்சே."

அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த சுல்தான் பீவி, நஜீபாவின் உம்மா, குரல் கொடுத்தாள். "மெதுவாப் பேசுங்களேன். மீன்காரி இன்னும் வாசல்லதான் நிக்கிறா."

"நிக்கட்டும் மாமி! சுல்தான் பீவி ஊட்டு மாப்புள்ளை இந்த வயசுல பத்தாங்கிளாஸ் படிக்கிறாருன்னு பக்கத்து ஊரு நிரவி வரைக்கும் போய்ச் சொல்லட்டும்."

சுல்தான் பீவி கரண்டியோடு அடுக்களை வாசற்படிக்கே வந்துவிட்டாள். "படிச்சு என்ன ஆவப்போவுது தம்பி? என் தம்பி கடையில கல்லாவுல உக்காருங்கன்னு சொன்னா—"

"கல்லாவுல அவருல்ல உக்காந்திருக்காரு! நான் பெயிண்டு டப்பா தூக்குறேன். கடைக்கு வர்றவன்லாம், யாரு இதுன்னு கேட்டா, அக்கா ஊட்டு மாப்புள்ளைன்னு சொல்லுவாரு. எனக்கு வாப்பா வச்ச பேரு ஒண்ணு இருக்கு மாமி."

"நான் தப்பா ஒண்ணும்—"

"ஷார்ஜாவுல டிரைவர் வேலை காத்துக்கிட்டு இருக்கு. பத்தாவது பாஸ் சர்டிபிகேட்டு இருந்தாத்தான் ஆளு எடுப்பேங்கிறான். அடுத்த வாரம் பரீட்சை. பாஸானா நான் இந்த ஊருலேயே இருக்க மாட்டேன்!"

"போங்க!" நஜீபா மார்க்கரை மேசையில் எறிந்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. "யாரு உங்களைக் கட்டிப்போட்டு வச்சிருக்கா?"

சுல்தான் பீவி மகளின் முகத்தைப் பார்த்தாள். மீனைப் புரட்டப் போய்விட்டாள்.

"போறதுக்குத்தானே, புள்ளை, உங்கிட்ட உக்காந்து படிக்கிறேன்?"

"அதுதான் கேக்குறேன். ஓமனுக்குப் போறப்ப ரெண்டே வருஷம்னீங்க. திரும்பி வர அஞ்சு வருஷம் ஆச்சு. எங்க வாப்பா இறந்து மையித்தை எடுக்குறப்ப நீங்க வீடியோ போன்ல அழுதீங்க. அந்தப் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நான் நின்னேன். என் கண்ணைத் துடைக்கக்கூட எனக்குக் கை இல்ல!"

"லீவு குடுக்கலைன்னு சொன்னேன்ல?"

"ஷார்ஜாக்காரன் மட்டும் குடுத்துடுவானா? நான் வேணாம்னா கேக்கவா போறீங்க? எங்க மாமா கடை கசக்குது, எங்க உம்மா பேசுனா கசக்குது. உங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணும், நான்தான் பாஸாக்கணும், நான்தான் ஏர்போர்ட்டுக்கு வந்து கையாட்டணும்!"

நஜீபா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பலகையிடம் போனாள். "சரி, வேற கணக்குப் போடுவோம். பிள்ளைங்க வர்ற நேரம்."

"துடைக்காதே."

"என்னா மச்சான் இப்ப?"

"துடைக்காதேன்னேன்." அவன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கீழே கிடந்த மார்க்கரை எடுத்து, அவள் இழுத்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனான். "எக்ஸு ஆறு. மூவாறு பதினெட்டு, பதினொண்ணைச் சேத்தா இருபத்தொம்பது. அந்தப் பக்கம் ஐயாறு முப்பது, ஒண்ணு போனா இருபத்தொம்பது. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கு? எங்க தப்பு? காட்டு."

"விடை சரிதான்... எக்ஸு முன்னாடி வரலைன்னா மார்க்கு போட மாட்டாங்க."

"அப்ப கடைசி வரியைத் திருப்பி எழுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? முழுசையும் எதுக்கு அடிச்சே?"

"பரீட்சை பேப்பர் திருத்துறவங்களுக்கு—"

"நேத்து டியூஷனுக்கு வந்த அந்த வரிச்சிக்குடி புள்ளை சிவப்ரியா இதே மாதிரிதான் போட்டா. இதே பலகையில. எக்ஸு வலது பக்கந்தான் நின்னிச்சு. பெரிசா ரைட்டு போட்டு, கெட்டிக்காரின்னு முதுகுல தட்டுனே. நான் இங்கதான் சட்டைக்குப் பொத்தான் தச்சிக்கிட்டு இருந்தேன்."

நஜீபாவின் கையிலிருந்த துணி பலகைக்கு முன்னால் அப்படியே நின்றது. அடுக்களையில் சுல்தான் பீவி அடுப்பை அணைத்தாள்.

"என்னுதை மட்டும் ஏன் அடிச்சே, நஜீபா?"