மயிரிழை தள்ளி விழுந்த நிழல்

கணவனுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அடுத்த ஆண்டு இந்நேரம் எதிரில் நிற்பவர் முகமும் தெரியாது என்று கண் மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். அவன் அழவில்லை, ஒன்றே ஒன்று கேட்டான். பட்டப்பகலில் ஊர் இருண்டு, கருவட்டத்தைச் சுற்றி வெள்ளொளி விரியும் முழுச் சூரிய கிரகணத்தை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்றான்.

அவளுக்கு நாட்காட்டி அடிக்கும் அச்சகத்தில் வேலை. இயந்திரத்திலிருந்து வந்து விழும் தாள்களைச் சரிபார்த்துக் கட்டுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. அவ்வாண்டு நாட்காட்டியின் கடைசித் தாளில், வரப்போகும் கிரகணங்கள் எப்போது, எங்கே தெரியும் என்னும் பட்டியலும், அதன்மேல் ஒரு வரைபடமும் இருந்தன. அவ்வாண்டு முழு நிழல் விழும் பாதை அதில் கறுப்புப் பட்டையாய் ஓடியது. அவர்கள் ஊர் பட்டைக்கு வெகு தொலைவு. அக்காள் ஊரின் சிவப்புப் புள்ளியோ, விளிம்பை ஒட்டியாயினும், பட்டைக்குள் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மகிழ்ந்து, அவனை அங்கு அழைத்துச் சென்றாள்.

மொட்டைமாடியில் நால்வரும் கிரகணக் கண்ணாடி அணிந்து நின்றனர். அக்காள் கணவர் பேருந்து ஓட்டுநர், வாய் ஓயாதவர்.

"என்ன சகலை, உங்களுக்காகச் சூரியனையே ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கேன். ஒரு டீ கூடக் கிடையாதா?"

"முதல்ல அணையட்டும் சகலை. உங்க பேச்சும் உங்க பஸ்ஸும் ஒண்ணு. வந்து நிக்கிற வரைக்கும் நம்பக் கூடாது" என்றான் கணவன். வெகுநாளைக்குப் பின் அவன் சிரித்தான்.

சூரியன் தேய்ந்தது. வெயில் வெளிறிற்று. வட்டம் பிறையாகி, பிறை நகக்கீற்றாயிற்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கீற்று அணையவில்லை. விளிம்போடு வழுக்கிச் சென்று மறுபுறம் தடிக்கத் தொடங்கியது.

ஓட்டுநரின் கைப்பேசி ஒலித்தது. "ஆத்துக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டாம்! டிப்போல லைட்டெல்லாம் போட்டாங்களாம்!"

"இங்க இன்னும் நேரம் இருக்கும். உன் காலண்டர்ல அப்படித்தானம்மா போட்டிருக்கு?" என்றான் கணவன்.

அவள் கீழே இறங்கினாள். அவள் கொடுத்த நாட்காட்டியே கூடத்துச் சுவரில் தொங்கியது. கடைசித் தாளைப் புரட்டினாள். கடலின் நீலத்துக்கும் வரைபடத்தின் கறுப்புச் சட்டத்துக்கும் இடையே ஒருபுறம் வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. மறுபுறம் நீலம் சட்டத்தைத் தாண்டி வழிந்தது. ஒவ்வொரு நிறமாக அடிக்கையில் கறுப்பு மட்டும் விலகி விழுந்து, நிழற்பட்டையையும் ஆற்றுக்கு இப்பால் தள்ளியிருந்தது. 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்கள் அச்சகத்தில். முகம் அச்சான தாளாயிருந்தால் கண் இரண்டாகத் தெரியும், உடனே கழித்திருப்பாள். வரைபடந்தானே என்று கட்டுக்கு அனுப்பியவளும் அவளே. தாளில் அது மயிரிழை. தரையிலோ ஓர் ஆறும் அதன் இரு கரைகளும்.

மேலே வந்தபோது ஓட்டுநர் பதறிக்கொண்டிருந்தார். "வண்டிய எடுக்கட்டுமா? ஓடிப் பிடிச்சிடலாம்!"

"நிழல் என்ன உங்க பஸ்ஸா, கைகாட்டினா நிக்க?" என்றாள் அக்காள்.

கணவன் மெல்லக் கேட்டான்: "அடுத்தது எப்ப?"

பட்டியல் அவளுக்கு மனப்பாடம். "இன்னும் ரெண்டு வருஷத்துல, நடுக்கடல்ல. அப்புறம் தெற்கே, பனிக்கட்டிக்கு மேல."

"நம்ம பக்கம்?"

"அக்கா பேத்திக்குத் தலை நரைக்கிறப்ப."

"சரி. அவளையாவது பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லு."

"என்னங்க, அந்தத் தாள நான்தான் பாஸ் பண்ணேன். கறுப்பு விலகியிருக்கு. நான் கவனிக்கல."

"எவ்ளோ?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஏறக்குறைய ஒட்டிக் காட்டினாள். அவன் இப்பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் நீட்டியிருந்த கை அவன் பார்வைக்குள் வரவுமில்லை.

"கீழ போலாம், வாங்க."

"இரு. முடியற வரைக்கும் பாத்துடறேன்."

வெயில் பழைய சூட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அக்காள் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.