கரியர் ஆணிக்கு இரண்டு பக்கம்

1

இந்தக் கதையை நான், இறந்தவருக்காக ஓதிச் சோறு போடும் கத்தம் வீடொன்றில் எடுத்தேன். மருதமுனையில், சாக்கு விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, ஸுல்பிகாவின் வாயிலிருந்து. "எழுதிப் போடாதீங்க ராத்தா" என்று என்னை அக்காவாக்கிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள். அப்படித் தொடங்குகிறவர்கள் எழுதச் சொல்லித்தான் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

நடந்தது ஐம்பத்துநாலாம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

கடலின் உப்புக்காற்று தென்னங்கீற்றுகளை வருடிச் சென்ற அந்தக் காலைப் பொழுதில்— (யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆள் பேசாவிட்டால் கதை கேட்காது. வெட்டியாயிற்று.)

இரும்பு பொறுமையுள்ளது, ஆனால் துரு அதைவிட— (பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு நான்கு புள்ளி.)

மூன்றாவது:

"முறிஞ்சி போச்சி."

"என்ன முறிஞ்ச?"

"ஒண்டுமில்ல. நீ உள்ளுக்குப் போ."

இது நிற்கட்டும்.

2

"முறிஞ்சி போச்சி" என்றவன் மசூர். சாய்ந்தமருதுக்காரன். ஸுல்பிகாவைக் கல்யாணம் முடித்து மூன்று மாதம். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வந்தவன் மாமியின் சோற்றைத் தின்னலாம், மாமியின் கிணற்றில் குளிக்கலாம். மாமியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கத்தான் கூடாது. மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நிற்பாள். அவசரமான கதை இருந்தால் மகளின் வாய்வழியாகப் போகும், வரும்.

முறிந்தது சைக்கிளின் கரியர் ஆணி. கரியரின் கால், பின்சில்லின் அச்சுக்குப் பக்கத்தில், சட்டத்திலுள்ள துவாரத்தில் ஒரு புரியாணியால் பூட்டப்பட்டிருக்கும். கரியர் ஆடுகிறது என்று மசூர் இறுக்கப் போனான். ஆணியின் தலை கையோடு வந்துவிட்டது. மிச்ச உடம்பு துவாரத்துக்குள்ளே துருப்பிடித்து, அசையமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

ஓர் ஆணிதானே என்று நினைக்கவேண்டாம். மாமியார் ஸைனம்பு தறிக்காரி. அதுவரை மற்றவர்கள் சொன்ன கரையைத்தான் ஆண்கள் உடுக்கும் சாரனில் நெய்துகொண்டிருந்தாள். அந்த வருடம் முதல்முறையாகத் தானே நினைத்து ஒரு கரை நெய்தாள்: கடும்பச்சையில் ஒற்றை மஞ்சள் கோடு. மஞ்சளை யார் உடுப்பான் என்று புருஷன் சிரித்தார். சிரித்துவிட்டு சிறுபோக நெல் வெட்டுக்கு வயல் வாடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஸைனம்பு இருபத்துநாலு சாரன் நெய்து மடித்து வைத்திருந்தாள். அக்கரைப்பற்றுச் சரீப் முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: "வியாழன் பின்னேரம் அஸருக்குள்ள வரல்லெண்டா வேற ஆள்ட வாங்கிப் போட்டிருவன்."

"பெருநாள் தொழுகையில ஒரு ஸஃப்பு, ஒரேயொரு வரிசை, என்ட கரையோட நிக்கணும். மறுகா நான் மௌத்தானாலும் காரியமில்ல" என்பாள் ஸைனம்பு.

அக்கரைப்பற்று பதினேழு மைல். கரியர் இல்லாமல் இருபத்துநாலு சாரன் போகாது.

(பஸ்ஸில் அனுப்பலாமே என்பீர்கள். முந்திய வருடம் அனுப்பினார்கள். பஸ்ஸின் மேலே யாரோ கருவாட்டுச் சாக்கைப் பொட்டலத்தின்மீது வைத்துவிட்டார்கள். அந்தச் சாரன்களை உடுத்தவர்களைப் பூனைகள் பள்ளிவாசல்வரை கொண்டுபோய் விட்டன.)

(பாண்டிருப்பில் கனகரெத்தினத்தின் சைக்கிள் கடை இருந்ததே என்பீர்கள். அவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். ஸுல்பிகா அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அனுப்பியது நான்தான். அவர் கடை திறந்திருந்தால் என் கதை மூடிக்கொள்ளும். அதற்காக அவருக்கு ஒரு பேத்தி பிறந்தாள். சுகமாக இருக்கட்டும்.)

3

செவ்வாய்க்கிழமை காலை. மசூர் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து பார்த்தால் சைக்கிளுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்து உளியால் தட்டத் தொடங்கினான்.

"புள்ள, அந்தக் கோணங்கிட்டச் சொல்லு, அடிச்சடிச்சு என்ட பெருநாளக் கொல்லாம, மண்ணெண்ணெய ஊத்தி ஊறப் போடச் சொல்லி. தறியில ஆணி இறுகினா நான் அதுதான் செய்ற."

ஸுல்பிகா ஆறடி நடந்தாள்.

"உம்மா சொல்றா, நல்லாத்தான் செய்றீங்களாம். மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊத்தினா இன்னும் நல்லமாம்."

"தறியடிக்கிற மனிசிக்கு சைக்கிளப் பத்தி என்ன தெரியும்? அவவ சாரன நெய்யச் சொல்லு. சைக்கிள நான் பாக்கிறன்."

திரும்ப ஆறடி.

"உம்மா, அவர் சொல்றார், மாமி சொன்னா சரியாத்தான் இரிக்குமாம்."

"சரியெண்டா ஏன் ஊத்தல்ல?"

"போத்தலத் தேடுறார், உம்மா."

போத்தலைத் தேடி எடுத்து, அவன் முகம் கழுவப்போன நேரம் பார்த்து ஊற்றியது ஸுல்பிகாதான். மண்ணெண்ணெய் தன் வேலையைச் செய்தது. மசூர் தன் வேலையைச் செய்தான்: இடப்பக்கம் தட்டினான், உளி வழுக்கியது, அரத்தால் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்புளியை வைத்தான், வெட்டு உதிர்ந்தது. மாலைக்குள் ஆணியின் முறிந்த முகம் சப்பையாகிக் கண்ணாடிபோல் மின்னியது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம்.

ஸுல்பிகா யார்? மூன்று மாதமாக ஆறடி முற்றத்தில், காரமான சொல்லை வாங்கி இனிப்பாக்கிக் கொடுத்தவள். அவள்தான் எனக்கும் கதை சொன்னாள். அப்படியானால் ஸைனம்பு உண்மையில் "கோணங்கி" என்றாளா, அல்லது அதைவிடக் கடுமையாக ஏதாவது சொல்லி, எனக்காக இது கழுவப்பட்டதா? கேட்டேன்.

"நீங்க எழுதுறதுக்கு அவ்வளவு காணும் ராத்தா" என்றாள்.

ஆக, அசல் எனக்கும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்கப்போவதில்லை, ஏனென்றால் நானும் இந்தப் பக்கத்துக்கும் உங்களுக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். கனகரெத்தினத்தின் பேத்தியை மறந்துவிடாதீர்கள்.

5

புதன்கிழமை, நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு. ஸுல்பிகா பக்கத்து வளவுக் கிணற்றுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வேலிவரை வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இனி வருவது எல்லாம் அவள் காதில் விழுந்தவை, ஒன்றையும் காணவில்லை. (எனக்கு இதுவே பிடித்த முறை.)

முதலில் உம்மாவின் குரல்.

"கறுத்தக் கோழி, உன்னத்தான். இந்த வளவுக்குள்ள கண்ணிருந்தும் பாக்காத ஆக்கள் இரிக்காங்க."

தட்டல் நின்றது. பிறகு மசூர்:

"சைக்கிள், உனக்குச் சொல்றன். ஒதுங்கி நிண்டு சொல்றது லேசி."

"கோழி, அந்த ஆணிய இடப்பக்கம் திருப்பணும்."

"சைக்கிள், ரெண்டு நாளா நான் இடப்பக்கந்தானே திருப்புறன்?"

"அது இடமில்ல கோழி. வலம்."

"சைக்கிள், சோறு தின்னாத கை இடம். எனக்குத் தெரியும்."

"கோழி, ஆணி சோறு தின்றல்ல. அங்கிருந்து பாத்தா முறிஞ்ச முகந்தான் தெரியும். இஞ்சிருந்து பாத்தா ஆணிட மத்த நுனி ஒரு நெல்லளவு வெளியில நீட்டிக்கிட்டு நிக்கிது. வந்த வழியால திரும்ப ஏலா எண்டு நிக்கிறத ஏன் பின்னுக்கு இழுக்கிற? அது போற பக்கமே போகவிட்டா இந்தப் பக்கத்தால விழுந்திரும்."

(பின்சில்லு கழற்றிக் கிடந்ததால், அடுக்களை வாசலில் நிற்கிறவளுக்குச் சட்டத்தின் உட்புறம் தெரிந்தது. வெளிப்புறத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கு இடம், அவனுக்கு வலம். மரியாதைக்காகச் சைக்கிளின் இரண்டு பக்கமாக இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் ஆணியின் வால் தெரிந்தது.)

(அப்படியானால் சைக்கிளைத் திருப்பி வைத்திருக்கலாமே? மூன்றாம் வரைவில்தான் எனக்கே தோன்றியது. ஸுல்பிகாவிடம் போய்க் கேட்டேன். வாயில் கையை வைத்தாள். "யா அல்லாஹ்! அது ஏன் எங்க ஒருத்தருக்கும் தோணல்ல?")

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடர்ந்தது.

"சைக்கிள், கோணங்கிக்கு விளங்கிட்டு எண்டு சொல்லு."

அடுக்களையில் ஏதோ ஒரு சட்டி மெதுவாக வைக்கப்பட்டது.

"கோழி, அந்தச் சொல்லு வெளிய கேட்டிருக்க ஞாயமில்லையே."

"ஓலைக் கிடுகுச் சுவர்தானே சைக்கிள். மூணு மாசமாக் கேக்குது. நேத்து நான் சாரன நெய்யச் சொன்னதும் அங்க கேட்டிரிக்கும்."

"கேட்டது கோழி. ஒவ்வொண்டும் கேட்டது. என்ட மகள் அதுக்குத் தேன் தடவிக் கொண்டந்ததும் கேட்டது."

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சேர்ந்து அல்ல. ஒருவர் நிறுத்திய பிறகு மற்றவர்.

வேலிக்கு வெளியே குடம் சரிந்து ஸுல்பிகாவின் காலை நனைத்தது. "சிரிக்கிறதா அழுறதா தெரியல்ல ராத்தா. மூணு மாசம் நடந்து நடந்து என்ட கால் தேஞ்சதுதான் மிச்சம்."

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கவிழ்த்த சைக்கிள் மணலில் வழுக்கும். ஒருவர் சட்டத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் குறட்டால் நுனியைத் திருப்பவேண்டும். ஆள் இரண்டுதான் இருந்தார்கள்.

முதல் முடிவு: ஆணி வரவில்லை. மசூர் சாரன் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பதினேழு மைல்— (அவன் செய்வான். தன் கரை அவன் தலையெண்ணெயில் ஊற ஸைனம்பு விடமாட்டாள்.)

இரண்டாம் முடிவு: வாடியிலிருந்து மாமனார் வந்து, நொடியில்— (மஞ்சளைக் கண்டு சிரித்த ஆளுக்கு ஆணியைக் கொடுக்க எனக்கு மனமில்லை.)

மூன்றாவது, ஸுல்பிகா கேட்டது. காப்புச் சத்தம். ஸைனம்புவின் காப்புகள் அடுக்களை வாசலிலிருந்து முற்றத்தைக் கடந்து சைக்கிள்வரை போயின. "புடிச்சிக்கிட்டன்" என்றான் மசூர், யாருக்கு என்று சொல்லாமல். கிறீச் என்று ஒரு திருப்பு. அடுத்த திருப்புக்கு முன் ஸைனம்பு ஒரேயொரு வசனம் சொன்னாள். அதில் கோழி இல்லை. சைக்கிள் இல்லை. நேரே அவனிடம். பிறகு இன்னும் நாலைந்து கிறீச். ஆணி விழுந்தது.

ஸுல்பிகா உள்ளே வந்தபோது உம்மா அடுக்களைக்குள், முக்காட்டோடு. மசூர் கரியருக்கு வேறோர் ஆணி போட்டுவிட்டு, சில்லைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

வியாழன் அஸருக்கு முன்பே சாரன்கள் போய்ச் சேர்ந்தன. பெருநாள் காலை மசூர் விடியல் சுபஹோடு புறப்பட்டு அக்கரைப்பற்றுக்கே போய்த் தொழுதான். திரும்பி வந்து, வேர்வை துடைக்காமல் ஸுல்பிகாவிடம் சொன்னான்:

"உம்மாட்டச் சொல்லு. ஒரு ஸஃப்பு வரல்ல. ரெண்டாவது ஸஃப்பில பதினொரு பேர், அதுக்குப் பின்னால அங்கொண்டு இஞ்சொண்டா அஞ்சு. பொய் சொல்ல ஏலா."

ஆறடிக்குள் அதை ஒரு முழு வரிசையாக்க ஸுல்பிகாவால் முடிந்திருக்கும். "பதினொண்டு, உம்மா. பின்னால அஞ்சு" என்றாள்.

"பதினாறு மஞ்சள்" என்றாள் ஸைனம்பு. பிறகு, "அவருக்குச் சோத்தப் போடு புள்ள. ஆறிப்போகும்."

இரண்டு பேரும் மௌத்தாகும்வரை அதன்பிறகு ஒருநாளும் நேரே கதைக்கவில்லையாம்.

7

அந்த ஒரு வசனம் என்ன?

மூன்று தரம் கேட்டேன். கத்தம் வீட்டில் ஒருதரம், அவள் வீட்டுக்குப் போய் இரண்டு தரம்.

"அதக் கேக்காதீங்க ராத்தா."

"ஏன் புள்ள, ஏசினாவா?"

"இல்ல."

"நல்லாயிரிக்கணும் எண்டு துஆச் செய்தாவா?"

"இல்ல."

"அப்ப என்னதான்?"

"நான் சொன்னா மாத்திப் போடுவன்" என்றாள் ஸுல்பிகா.

நான் எழுதினாலும் அதுதான் நடக்கும். ஆகவே நீங்கள் எழுத இடம் விட்டிருக்கிறேன். ஒரு வரிக்குமேல் போகவேண்டாம்; குறடு கையில் இருக்கிறது, முதல் திருப்பு இப்போதுதான் அசைந்திருக்கிறது, அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஸைனம்பு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"..........................................