ராஜினான பொம்பளை

மலாக்காவின் காஜா பேராங்கில் மற்றவர்கள் கோப்பி குடிக்க உட்காரும் நேரத்தில் சாரதாம்பாள் பாதி நாள் வேலையை முடித்திருப்பாள். கோழிகளைத் திறந்துவிட்டு, ஆட்டுக்குப் பலாத்தழை ஒடித்துப் போட்டு, கங்கோங் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி, பஸ் கண்டக்டரான கணவன் கருணாகரனைப் பசியாற வைத்து அனுப்பிவிடுவாள். அப்புறம் கோவில் அடுப்படிக்கு ஓடுவாள். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் அந்த வெறுமையைத் தோட்டத்தாலும் ஊர் வேலையாலும் நிரப்பிக்கொண்டாள்.

ஊருக்கு இது நல்ல வசதியாகப் போயிற்று. கலியாணமோ கருமாதியோ, எள் என்றால் எண்ணெயாக நிற்க ஓர் ஆள் கிடைத்தாள். பக்கத்து வீட்டு நாகம்மா மலாக்கா செட்டி. வீட்டில் மலாய்தான் பேச்சு, தமிழ் அரைகுறை. அவள் ஒருநாள், "சாரதா ரொம்ப ராஜின்!" என்றாள். சுறுசுறுப்பானவள் என்று அர்த்தம். தெருவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பாடுற மாட்டைப் பாடிக் கறக்க நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

சுதந்திர தினமான மெர்டேக்கா நெருங்கியது. அன்றைக்குக் கோவிலில் அன்னதானம் என்று தலைவர் தம்பிராஜா அறிவித்தார். சமையல் யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் சாரதாம்பாளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கால் வீங்கியது. மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"இது காத்துப் பிடிப்பு இல்லம்மா. நெஞ்சுக் கோளாறு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

சாயங்காலம் அதைக் கணவனிடம் சொன்னாள்.

"இப்பவா?" என்றான் கருணாகரன். "ஊரே உன்ன நம்பிக்கிட்டு இருக்கு. காலையில அண்டாவத் தூக்கினவ, சாயந்தரம் நோயாளியா? மெர்டேக்கா முடியட்டும், போவோம்."

அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டியை ஊர் புகழ்வதில் அவனுக்கு அத்தனை பெருமை. அவளாவது பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஆனால் புகழுக்குப் பழகிய மனசு படுத்துக்கொள்ள வெட்கப்பட்டது.

கோவிலில் தம்பிராஜாவும் அவள் காலைக் கவனித்தார்.

"என்ன தங்கச்சி, வீங்கியிருக்கு?"

"நின்னுக்கிட்டே இருந்தேன்லண்ணே, அதான்."

"அதானே பாத்தேன். ராஜினான பொம்பளைக்கு ஒண்ணும் வராது. அந்த அரிசியக் கொஞ்சம் பொடைச்சிரு."

பூ கட்டிக்கொண்டிருந்த நாகம்மா எழுந்து வந்தாள். சாரதாம்பாளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது ராஜின் இல்லே. சாக்கிட்! சாக்கிட்!" என்று கத்தினாள். நோய் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். அங்கே மலாய் புரியாதவர் யாருமில்லை. இருந்தும் எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மெர்டேக்கா அன்று தெருவெல்லாம் கொடி பறந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தபோதே சாரதாம்பாள் அடுப்படியில் விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கருணாகரனை டாக்டர் தனியே அழைத்துச் சொன்னார். "நெஞ்சு ரொம்பக் கெட்டுப்போச்சு. வீக்கம் வந்தப்பவே கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனி எங்க கையில ஒண்ணும் இல்ல. பொண்ணுங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க."

மறுநாள் தம்பிராஜா நாலைந்து பேரோடு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். டாக்டர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது.

"தங்கச்சி, சீக்கிரம் எழுந்து வந்துரு. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆள் இல்ல" என்றார்.

சாரதாம்பாள் மூச்சு வாங்க, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். "வந்துர்றேண்ணே..."

கருணாகரன் அவளைத் தோளைப் பிடித்துச் சாய்த்தான். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"இனி அவ வரமாட்டாண்ணே. வேல செய்றவளுக்கு வலிக்காதுன்னு நெனச்சு நானே இவளச் சாகவிட்டுட்டேன். உங்க வீட்டுலயும் ஒருத்தி உக்காராம ஓடிக்கிட்டு இருப்பா. புகழ்ந்து புகழ்ந்து வேல வாங்காதீங்க. ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. முடியலன்னு அவ சொன்னா, நம்புங்க."