துளிர்க்காத காம்பிரா

1949 தை மாதம், நுவரெலியா ஏரிக்குப் பின்னாலிருந்த அமைதியான பங்களாத் தெருவில், மூக்கன் ஒரு பங்களாவை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டான். வேலி வெட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கந்தப்பளைத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை. நிரையில் இறங்கினால் நிரை முடியும்வரை நிமிராது. அன்று பனிமூட்டம் வேறு. வேலி எங்கே முடிந்தது, சுவர் எங்கே தொடங்கியது என்று கத்தியும் கேட்கவில்லை, மூக்கனும் சொல்லவில்லை. பனி விலகியபோது, உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த இராசரத்தினம் ஐயாவின் தலை வெளியே தெரிந்தது. பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் அவர். "இனி இந்தப் பக்கம் வந்தியெண்டால் காலை முறிப்பன்!" என்றார்.

கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்காமல் இருக்குமா? பங்களாவும் துளிர்த்தது. முதலில் இளம்பச்சைச் சன்னல்கள், பிறகு சுவர், கூரை. சித்திரை சீசனுக்குள் பழைய அறைகளோடு புதிதாக இரண்டு. குதிரைப் பந்தயம் பார்க்க வந்த கொழும்புக்காரர்கள் அவற்றை வாடகைக்கு எடுக்க அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு ஐயாவே பஸ் நிற்குமிடத்துக்கு வந்து மூக்கனுக்காகக் காத்திருந்தார். பிறகு தெரு முழுவதும் அவனைக் கூப்பிட்டது. வருஷா வருஷம் சுற்றுலா வந்தவர்கள் மெதுவாக நடந்து, வேலிக்கு மேலாக எட்டி, பிஞ்சுச் சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெரு என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. வளரும் வீடு சத்தம் போடுவதில்லை.

தோட்டத்து லய வரிசையில் மூக்கன் வீட்டுக்கு ஒரே அறை, ஒரே காம்பிரா. மகன் பழனியாண்டிக்குக் கல்யாணமானதும் குறுக்கே ஒரு சேலையைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் புதுஜோடி. இந்தப் பக்கம் மூக்கன், புரண்டு படுக்கும்போதெல்லாம் இருமிக்கொண்டு.

"இருமாதீங்க, புள்ளைங்களுக்கு வெக்கமா இருக்கு" என்றாள் மனைவி வீரம்மா.

"இருமாட்டி எனக்கு வெக்கமா இருக்கே."

"ஊரான் வீட்டையெல்லாம் துளிர்க்க வைக்கிறீங்க. நம்ம புள்ளைக்கு ஒரு காம்பிரா வேணாமா?"

தன் காம்பிராவையும் வெட்டினான். குடும்பம் மூன்று மாதம் மழையில் உட்கார்ந்து பார்த்தது. ஒரு கணுகூட வெடிக்கவில்லை. தகரம் போட்டு மூடி, மறுவருஷமும் வெட்டினான். மருமகள் டிக்கோயாவில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "காம்பிரா துளிர்த்தா சொல்லியனுப்புங்க, வர்றோம்" என்று மகனும் பின்னால் போனான். ஏன் துளிர்க்கவில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டால், "தொரைகிட்ட கேட்டுச் சொல்றேன்." தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டால், "அடுத்த கூட்டத்துல பேசுவோம்." ஐயா சாகும்வரை சொன்னது, "பாப்பம்."

1964இல், யார் இருப்பது, யார் இந்தியாவுக்குக் கப்பலேறுவது என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்த வாரம், மூக்கன் அதே பங்களாவின் கூரைமேல் நின்றான். கீழே ஐயாவின் மனைவி கமலேஸ்வரி.

"ஒரே கத்தி, ஒரே கைங்கம்மா. என் லயம் மட்டும் ஏன் துளிர்க்கல?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "வேர் இருந்தால்தானே மூக்கன் துளிர்க்கும்? அதை வீடெண்டு ஒருத்தரும் நடேல்லை. உங்களை வேலைக்கு நிப்பாட்டி வைக்கத்தான் கட்டினவை."

இத்தனை வருஷத்தில் ஒருவர் சுற்றி வளைக்காமல் சொன்னது அதுதான். மூக்கன் தலையாட்டினான். கத்தியின் கூர்மையை விரலால் தடவிப் பார்த்தான்.

"சரிங்கம்மா. இந்த சீசனுக்கு எத்தனை அறை வேணுங்க?"