விடிவெள்ளி விழுந்த பாட்டு

பாஸ்டர் அன்று சாத்தானைப் பற்றித்தான் பேசினார். ஆனால் பேச்சு பாதி தாண்டுவதற்குள் சபையில் இருந்த கண்ணெல்லாம் பியானோ பக்கம் திரும்பிவிட்டது.

"பரலோகத்தில் ஒரு பாடகர் குழு இருந்தது. அதை நடத்த ஒரு தூதன் இருந்தான். அழகன், திறமைசாலி. நான் இல்லாவிட்டால் இங்கே பாட்டே இல்லை என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே வானத்திலிருந்து விழுந்தான். அவன் பேச்சைக் கேட்டவர்களும் கூடவே விழுந்தார்கள்."

பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவள் சுதி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். "சுதி போச்சு, சுதி போச்சு" என்று அவள் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர். போகப்போக வீட்டுக்காரர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. சர்ச்சில் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்துவதும் அவள்தான்.

முந்தின வாரம் நடந்த தகராறு எல்லோருக்கும் தெரியும். கொயரில் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் பாடும் நர்ஸ் புருஷனை விட்டு வந்துவிட்டாள். அவன் அடிப்பான். கையை ஒருமுறை உடைத்தே விட்டான். மாவுக்கட்டோடு அவள் வந்து நின்று பாடியபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விட்டு வந்த பிறகுதான் ஊர் வாய் திறந்தது. இனி அவள் கொயர் அங்கி போட்டு முன்னால் நிற்கக்கூடாது என்று பாஸ்டர் சொல்லி அனுப்பினார். "அவ நிக்கலேன்னா நாங்க யாரும் நிக்கல," என்று டீச்சர் பதில் சொல்லி அனுப்பினாள். அதற்கு வந்த மறுபதில்தான் இந்தப் பிரசங்கம்.

டீச்சருக்கு முகம் கொதித்தது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் பிரசங்கம் முடிந்ததும் பாட்டு வாசிக்க வேண்டும். வாசித்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. வெளியே வரும்போது, எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டு விடாத தையல்காரம்மா செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்து மேஜையில் போட்டாள். பாஸ்டர் வாசித்தது ஒரு தீர்க்கதரிசியின் பதினாலாம் அதிகாரம். அதை முழுக்கப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னங்க, இங்க வாங்க," என்றாள் கணவரிடம். அவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், கொயரில் அடிக்குரல் பாடுபவர். பேச்சு குறைவு. "இதுல சாத்தான் எங்க இருக்கான்னு காட்டுங்க பாப்போம்."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விரலால் வரி வரியாகப் போனார். "காணோமே. பாபிலோன் ராஜான்னு இல்ல போட்டிருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

டீச்சர் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் கல்லூரியில் பழைய மொழிகள் கற்றுக்கொடுக்கிறான். சர்ச் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அம்மா இருந்தவரை அவனைத் திட்டாத நாள் கிடையாது.

"அக்கா, நீயா வேதத்துல சந்தேகம் கேக்கறே? மழை வரப்போகுது."

"டேய், விளையாடாதே. சாத்தான் பரலோகத்துல பாட்டு வாத்தியாரா இருந்தானா, இல்லையா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு அக்காவின் குரல் சரியில்லை என்று புரிந்ததும் நிதானமாகச் சொன்னான்.

"அது ராஜாவைக் கிண்டல் பண்ற பாட்டு, அக்கா. ஊரையெல்லாம் அடிச்சுப் பிடுங்கின ஒருத்தன் சாயறான், அடிபட்ட ஜனங்க அவனைப் பாடறாங்க. விடிவெள்ளி மாதிரி மினுக்கினியே, எங்கடா போனேன்னு. விடியற நேரத்துல அந்த வெள்ளி மேல ஏறி வரும், சூரியன் வந்ததும் மங்கிப்போயிடும். அதைப் பாத்துப் பிறந்த, இதைவிடப் பழைய கதை ஒண்ணு இதுக்குப் பின்னால இருந்திருக்கலாம்னு சில பேர் சொல்றாங்க."

"அப்ப சாத்தான் எப்படி உள்ள வந்தான்?"

"கொஞ்சம் கொஞ்சமா வந்தான். சாத்தான் மின்னலாட்டம் விழுந்தான்னு ஒரு இடத்துல இருக்கு. வலுசர்ப்பம்னு ஒரு பெரிய பாம்பை வானத்துலேர்ந்து கீழ தள்ளினாங்கன்னு இன்னொரு இடத்துல இருக்கு. பல தலைமுறை கழிச்சு வந்த போதகர்கள் இதையெல்லாம் ஒண்ணாச் சேத்துத் தைச்சாங்க. லத்தீன்ல மொழிபெயர்த்தப்ப விடிவெள்ளிக்கு அங்க இருந்த சாதாரண வார்த்தை லூசிஃபர். அதுவே பிசாசுக்குப் பேராப் போச்சு."

"பாட்டு?"

"வேற தீர்க்கதரிசி வேற ராஜாவைத் திட்டறப்ப மேளம் குழல்னு ஏதோ வருது. அதுவும் சில மொழிபெயர்ப்புலதான். அதைப் பிடிச்சுக்கிட்டு அவனுக்குக் கொயரே குடுத்துட்டாங்க."

டீச்சர் போனை வைத்துவிட்டு அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்தாள். அவளை உலுக்கியது சாத்தான் அங்கே இல்லாதது அல்ல. அது அடித்தவனைப் பற்றி அடிபட்டவர்கள் பாடிய பாட்டு. அதைத் திருப்பி, கை உடைந்தவளுக்குப் பரிந்து நின்ற தன்மேல் எறிந்திருக்கிறார் பாஸ்டர்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பாஸ்டரின் அறைக்குப் போனாள். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன அறை. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை அவரே உருவிப் போட்டார்.

"அந்த அதிகாரம் பாபிலோன் ராஜாவைப் பத்தினது பாஸ்டர்."

அவர் தடுமாறுவார் என்று நினைத்தாள். தடுமாறவில்லை.

"தெரியும்மா. படிக்கற காலத்துல பரீட்சையிலயே எழுதியிருக்கேன்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேலா விசுவாசிகள் அப்படித்தான் வாசிச்சிருக்காங்க. பெருமை விழவைக்கும்ங்கறது பொய்யா? ஜனங்களுக்கு ஒரு பயம் வேணும்மா. அவ வீட்டுக்காரர் இதே நாற்காலியில உக்காந்து அழுதாரு. ஒரு குடும்பம் உடையறதை நான் முன்வரிசையில நிறுத்திக் காட்ட முடியுமா?"

"அவ கை உடைஞ்சு முன்வரிசையில நின்னப்ப நீங்களும் இருந்தீங்களே பாஸ்டர். அப்ப ஒரு பிரசங்கமும் வரலியே?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்தார். மூடினார். "கொயர் விஷயத்துல என் முடிவுல மாத்தம் இல்ல."

"என் முடிவுலயும்தான்," என்று எழுந்தாள் டீச்சர். "நீங்க வாசிச்ச அதிகாரத்தையே இந்த வாரம் பாடறோம். வேதத்தைப் பாட வேண்டாம்னு சொல்லமாட்டீங்கன்னு நினைக்கறேன்."

அவர் பேனாவை மேஜைமேல் போட்டார். 

அந்த வாரம் முழுக்க பள்ளிக்கூடத்துப் பாட்டு அறையில் ஒத்திகை நடந்தது. மெட்டு டீச்சருடையது. சோகமாகப் போட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை. கோபமாகப் போட்டாள், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில், கயிறு தாண்டும் பிள்ளைகள் பாடுவதுபோல் துள்ளலாகப் போட்டதும் வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

நர்ஸ் முதலில் மாட்டேன் என்றாள். "எதுக்கு டீச்சர் வம்பு? நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

"கெட்ட பேரு எனக்கு ஏற்கெனவே கிடைச்சாச்சு. பிசாசுக்கு அடுத்த இடம். அதுக்கு மேல என்ன வந்துடும்?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொயர் எழுந்து நின்றபோது அவள் நடுவில் நின்றாள். சபையில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. டீச்சர் பியானோவில் கை வைத்தாள்.

கொடுமைக்காரன் ஓய்ந்தான் என்று பெண்குரல்கள் தொடங்கின. மரங்களே சந்தோஷப்படுகின்றன, இனி வெட்டுகிறவன் வரமாட்டான் என்று மேற்குரல் சிரித்தது. செத்துப்போன ராஜாக்கள் பாதாளத்தில் எழுந்து நின்று, நீயும் எங்களைப் போல ஆனாயா என்று கேட்கிற இடம் அடிக்குரலுக்கு. வீட்டில் வாயே திறக்காத கண்ணாடிக்கடைக்காரர் அதை அப்படி ஒரு நக்கலோடு பாடினார். முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாக் குரலும் ஒதுங்கி நின்றன. நர்ஸ் தனியாகப் பாடினாள். விடிவெள்ளியே, எப்படி விழுந்தாய். ஜனங்களை அடித்தவனே, எப்படித் தரையில் கிடக்கிறாய்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் எழுந்து வெளியே போனான். கதவு அடித்துக்கொண்ட சத்தம் பாட்டுக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வாசலிலேயே டீச்சரைப் பிடித்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து கொயர் வேண்டாம். பியானோவை நான் வேற ஆள் வச்சுப் பாத்துக்கறேன்."

"சரி பாஸ்டர். பெஞ்சுல உக்காந்து பாடலாம் இல்ல? சபையார் பாடறதுக்கு யார் உத்தரவும் வேண்டியதில்லையே?"

அடுத்த வாரம் கொயர் வரிசை காலியாகக் கிடந்தது. அங்கிகள் ஆணியில் தொங்கின. பாடியவர்கள் சபையெங்கும் பெஞ்சுக்கு ஒருவராகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் மூலைக்கு மூலை வேறு வேறு குரல் எழுந்து கூரையில் ஒன்றாய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், வேறு வழியில்லாமல் தாங்களும் தாறுமாறாகச் சேர்ந்துகொண்டார்கள். நர்ஸின் பெஞ்சில் தையல்காரம்மா. இரண்டாவது சரணத்தில் அவள் பாட்டுப் புத்தகத்தை நர்ஸ் பக்கம் நகர்த்தி, "இந்த வரியை நீ எப்படிப் பாடறே?" என்று காதோடு கேட்டாள்.

சில வாரம் இப்படியே போயிற்று. சபை முன்னைவிட நன்றாகப் பாடியது. ஒருநாள் பாஸ்டர் டீச்சரிடம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொயர் பழைய இடத்துக்கே வரலாம்மா."

"நர்ஸும்தானே?"

வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நர்ஸும்," என்றார்.

டீச்சர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் கேட்டுச் சொல்றேன் பாஸ்டர். அவங்களுக்கு இப்ப பெஞ்சு பிடிச்சுப்போச்சு."